கைகர் கவுன்ட்டர் தெரியும்... கைகர் யார் தெரியுமா?

அணு உலை விபத்து பற்றிய படங்களில் ‘டிக்... டிக்... டிக்டிக்டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க. கதிர்வீச்சு கூடக் கூட அதுவும் வேகமெடுக்கும். அதுதான் கைகர் கவுன்ட்டர். அதற்குப் பெயர் தந்தவர் 1882-ல் ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் கைகர்.

இருட்டறையில் எண்ணிக்கை

டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார் கைகர். அங்கே ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் வேலை. ஆல்ஃபா துகள்களை அப்போது பெரும்பாலும் கண்ணால்தான் எண்ணினார்கள். துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் மோதினால் சின்னதாக ஒரு மினுக்கல் தெரியும், உடனே மறைந்துவிடும். இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, மைக்ராஸ்கோப் வழியாக ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ரூதர்ஃபோர்டுக்கே அந்தப் பொறுமை கிடையாது. கைகருக்கு இருந்தது.

1909-ல் அவரும் 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டெனும் உலோகத் தகடுகள்மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். பிளாட்டினத்தில் சுமார் 8,000 துகள்களில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. அந்த ஒன்றிலிருந்துதான் 1911-ல் அணுக்கரு என்ற முடிவுக்கு வந்தார் ரூதர்ஃபோர்டு.

கண்ணுக்குப் பதில் கருவி

ஆனால், கண் களைக்கும்; எண்ணிக்கை தவறும். அதனால் 1908-லேயே ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து மின்சாரத்தால் எண்ணும் கருவி ஒன்றைச் செய்திருந்தார் கைகர். அது ஆல்ஃபாவை மட்டுமே எண்ணியது. 20 ஆண்டுகள் கழித்து, 1928-ல் கீல் நகரில் மாணவர் வால்டர் முல்லருடன் சேர்ந்து பீட்டா, காமா கதிர்களையும் பிடிக்கும் குழாயை உருவாக்கினார்.

விஷயம் சிம்பிள். உலோகக் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் வாயு, நடுவில் மெல்லிய கம்பி, இரண்டுக்கும் இடையே உயர் மின்னழுத்தம். உள்ளே நுழையும் துகள் வாயு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்துவிடும். அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மற்ற அணுக்களை மோதி, இன்னும் பல எலெக்ட்ரான்களை விடுவிக்கும். கடைசியில் ஒரு மின்துடிப்பு. அதுதான் ‘டிக்’. எத்தனை துகள் வந்தது என்று சொல்லும். எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று சொல்லாது.

கிடைக்காத நோபல்

இரண்டு கவுன்ட்டர்கள் ஒரே நேரத்தில் ‘டிக்’ அடிக்கிறதா என்று பார்க்கும் முறையை பெர்லினில் கைகரும் வால்டர் போதேவும் சேர்ந்து பயன்படுத்தினார்கள். அந்த முறைக்காக 1954-ல் போதே நோபல் பெற்றார். அப்போது கைகர் உயிரோடு இல்லை. போரின் முடிவில் வீட்டை இழந்து, நோயோடு போட்ஸ்டாம் வந்தவர், 1945 செப்டம்பர் 24-ல் இறந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து அன்றோடு ஏழு வாரம்.