சேவைக்குச் சம்பளமா?

சர்வே கேம்ப்பில் ஒரு ராத்திரி ஆரம்பித்த சண்டை இது. சோஷியல் ஒர்க் படித்துவிட்டு அதுக்குச் சம்பளமும் வாங்கினால் அது என்னடா சேவை என்று ரூம்மேட் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

மேரி கிளப்வாலா ஜாதவ். 1909-ல் ஊட்டியில் ஒரு பார்சி வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வயசில் கல்யாணம். 1935-ல் கணவர் நோகி கிளப்வாலா இறந்தபோது கையில் ஒரு சின்னப் பையன். வசதியான குடும்பம்தான். மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே காலத்தை ஓட்டியிருந்தாலும் ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது. அவரோ சென்னையில் 1923-ல் தொடங்கியிருந்த கில்டு ஆஃப் சர்வீஸ் சங்கத்து வேலையில் இறங்கிவிட்டார். யுத்தம் வந்தது. 1942-ல் சிப்பாய்களுக்காக உபசரணைக் குழு அமைத்தார். மொபைல் கேண்டீன், ஆஸ்பத்திரி என்று அலைந்தார். 14-ஆவது ராணுவம் அவருக்கு ஒரு ஜப்பானிய வாளையே பரிசாகக் கொடுத்ததாம்!

எனக்குப் பெரிசாகத் தெரிவது வாள் இல்லை, 1952-ல் அவர் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி. இத்தனை வருஷம் கூலியில்லாமல் உழைத்தவரே நல்ல மனசு போதும் என்று விட்டுவிடவில்லை. வகுப்பும் களப்பணியுமாகப் படித்து ஆட்கள் வெளியே வர வேண்டும் என்று பள்ளி வைத்தார். அவர் எங்கே படித்தார் என்று கேட்காதீர்கள். பம்பாயில் டாடா பள்ளி 1936-ல் வந்துவிட்டது. தெற்கே அதுவரை ஒன்றும் கிடையாது.

எங்கள் சந்தவாசலுக்கு ஒருமுறை வெளியூர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். ஜவ்வாதுமலைப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் கொடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். பாவம், நல்லவங்கதான். என் பெஞ்சில் உட்கார்ந்த மலைப் பையன் அந்தப் பையோடு இரண்டு மாசம் வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். அப்பா வாங்கிய அட்வான்ஸுக்காக வேலைக்குப் போயிட்டான். மலையேறி அவன் வீட்டில் போய்ப் பேச, ஜாதிச் சான்றிதழுக்கும் ஹாஸ்டலுக்கும் வழிகாட்ட, மறுமாசமும் வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. லீவு நாளில் வந்துபோகிறவரால் அது ஆகாது. அதையே தொழிலாக வைத்திருப்பவர் வேண்டும். அவருக்கும் வீட்டில் உலை வைக்கணுமே!

மேரியம்மாவுக்கு 1955-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மவிபூஷண் கிடைத்தன. அதே 1975-ல் காலமானார். எழும்பூரில் கல்லூரி நடந்துகொண்டிருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. சேர டிகிரி வேண்டும்; நம் டிப்ளமோ மட்டும் போதாது. விசாரித்து வந்து இதைச் சொன்னவன் அந்த ரூம்மேட்தான்.