சேமக்கலம் கண்ட காஸ்தோன் பிளாந்தே

உலகிற்குப் பெரும்பயன் விளைக்கும் பொருள்களை நாடோறும் கையாளும் நாம், அவற்றை ஆக்கித் தந்த அறிஞர்தம் பெயரையும் அறியாதிருக்கின்றோம். மோட்டார் வண்டி புறப்படுதற்கும், மின்சாரம் தடைப்பட்ட இரவில் இல்லத்தே விளக்கெரிதற்கும் துணையாவது ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் அடங்கிய சேமக்கலமாம். அதனை முதற்கண் இயற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் காஸ்தோன் பிளாந்தே என்பாரது வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

இவர் 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிரான்சின் தென்மேற்கிலுள்ள ஓர்தேஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1854-இல் பாரிஸ் மாநகரத்துக் கலைத்தொழிற் கழகத்திற் பௌதிகத் துணையாசிரியராய் அமர்ந்தார். 1860-இல் பொதுமக்கட்குக் கல்வி புகட்டும் சங்கமொன்றிற் பௌதிகப் பேராசிரியரானார்.

திராவகங் கலந்த நீரினூடே மின்சாரஞ் செலுத்திப் பின் நிறுத்திவிடின், முன்சென்றதற்கு எதிர்முகமாக ஒரு சிற்றோட்டம் எழும். மின்கலங்களின் வலியைக் குறைக்கும் குற்றமென்றே அதனைப் பலரும் கருதினர். பிளாந்தேயோ அக்குற்றத்தினுள்ளே குணமுண்டோ என ஆராயத் தலைப்பட்டார். பொன், வெள்ளி, பிளாட்டினம் முதலிய உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். விலையுயர்ந்தவை பின்னிற்க, எளிய ஈயமே வலிய எதிரோட்டத்தைத் தந்தது.

1859-இல் ஈயத் தகடிரண்டனை இடையே துணி வைத்துச் சுருட்டித் திராவக நீரில் அமிழ்த்தி மின்சாரஞ் செலுத்தினார். ஒரு தகட்டிற் கபிலநிற ஈய ஆக்ஸைடு படிந்தது; மற்றது ஈயமாகவே நின்றது. மின்சாரத்தை வெளிவாங்குங்கால் இரண்டும் ஈய ஸல்பேட்டாக மாறும். மீளச் செலுத்தின் பழைய நிலை எய்தும். இவ்வகைக் கலங்கள் ஒன்பதினை இணைத்து, 1860-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார்க்குக் காட்டினார்.

ஆயினும் உலகம் உடனே அதனை ஏற்றிலது. அதற்குக் காரணம் இரண்டு. புதிய தகடு சிறிதளவு மின்சாரமே கொள்ளும். பன்முறை செலுத்தியும் வாங்கியும், இடையிடையே ஓய்வளித்தும் பல மாதம் பழக்கினாலன்றி அதன் கொள்ளளவு பெருகாது. மேலும், மின்சாரத்தை மலிவாக ஆக்கும் டைனமோ அக்காலத்து வழக்கில் இன்மையின், பிற மின்கலங்களைக் கொண்டே இதனை நிரப்ப வேண்டியதாயிற்று. பிளாந்தே மனந்தளர்ந்தாரல்லர். இருபதாண்டு தொடர்ந்து ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1879-இல் நூலாக வெளியிட்டார். இதற்கிடையே கிராம் என்பாரது டைனமோ வழக்கிற்கு வந்தது. 1881-இல் காமில் ஃபோர் என்பார் தகடுகளின்மீது ஈய ஆக்ஸைடுக் குழம்பைப் பூசி, நெடுநாட் பழக்கத்தைக் குறைக்கும் வழி கண்டார். அதன்பின்னரே சேமக்கலம் தொழிற்சாலைப் பொருளாயிற்று. 1889-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதிற் பிளாந்தே உலகவாழ்வை நீத்தார்.

லித்தியக் கலங்கள் பெருகிய இந்நாளினும் ஈயச் சேமக்கலம் ஒழிந்திலது. பிறர் குற்றமென்று தள்ளியதை எடுத்து ஆராய்ந்தமையும், பயன் காணாத ஆண்டுகளிலும் பணி விடாதிருந்தமையுமே இப்பெரியார் நமக்கு வைத்துச்சென்ற செல்வம். முதற் பாடத்திலேயே மிகுதியாகக் கொள்ளாத மாணவனை மந்தனென்று ஒதுக்கும் ஆசிரியரும் பெற்றோரும், அவர் மாதக்கணக்கிற் பழக்கிய ஈயத் தகட்டை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.