அறிவியல் மேதைகள் வரிசை: ராபர்ட் புன்சன்



நம்ம கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எது? பர்னர்தானே! அதுக்குப் புன்சன் பர்னர் என்று பெயர். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கோம். ஆனா அந்தப் புன்சன் யாரு, விஷத்தோடு அவர் எப்படிப் போராடினார் என்று தெரியுமா?

பிறப்பும் படிப்பும்

ராபர்ட் புன்சன் 1811 மார்ச் மாதம் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர். நாலு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. 1831-லேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்!

விஷத்தோடு போராட்டம்

ஆர்சனிக் ஒரு கொடிய விஷம். அதன் வெள்ளைப் பொடியைச் சாப்பாட்டில் கலந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. 1834-ல் புன்சனும் பெர்ட்டோல்ட் என்ற மருத்துவரும் அதற்கு மாற்று மருந்து கண்டுபிடித்தார்கள். என்ன மருந்து தெரியுமா? கிட்டத்தட்ட இரும்புத் துரு மாதிரி ஒரு பொருள்! நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது ஆர்சனிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் கலக்க விடாது.

பிறகு காக்கோடைல் என்ற ஆர்சனிக் சேர்மங்களை ஆராய்ந்தார். நாற்றம் தாங்க முடியாது. சிலது காற்று பட்டாலே தீப்பிடிக்கும். ஒரு நாள் குடுவை வெடித்து, கண்ணாடித் துண்டு பாய்ந்து வலது கண்ணில் பார்வை போயிற்று. ஆர்சனிக் விஷமும் ஏறி, பிழைத்ததே பெரும்பாடு. வேறு யாராவது இருந்தால் ஓடியே போயிருப்பாங்க. புன்சன் 1843 வரை அந்த ஆராய்ச்சியை விடவில்லை.

நிறமில்லாத தீ

1852-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே டெசாகா என்ற மெக்கானிக் உதவியோடு உருவானதுதான் நம்ம பர்னர். காற்றும் கேஸும் முதலிலேயே கலந்து எரிவதால் புகை கிடையாது, தீக்கு நிறமும் அவ்வளவாகக் கிடையாது. இதுக்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை!

தீக்கு நிறம் இல்லை என்றால், அதில் காட்டும் உலோகத்தின் சொந்த நிறம் தெரியும். ப்ளஸ் டூ அண்ணன்களும் அக்காக்களும் சால்ட் அனாலிசிஸில் ஃப்ளேம் டெஸ்ட் செய்வது இதனால்தான். ஆனா ரெண்டு மூணு உலோகம் கலந்திருந்தால் கண்ணுக்குக் குழப்பம். அப்போ நண்பர் கிர்க்காஃப், முப்பட்டகம் வழியாகப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். பார்த்தால், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி ஒளிக்கோடுகள்! நம்ம கைரேகை மாதிரி.

ஒரு தடவை அறையின் ஒரு மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் உப்பை வெடிக்க வைத்துவிட்டு, கருவியோடு தூரத்து மூலையில் நின்றார்கள். சில நிமிஷத்தில் மஞ்சள் கோடு வந்தது. கணக்குப் போட்டால், ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு! எந்தத் தராசாலும் காட்ட முடியாத அளவு அது.

இந்த முறையில் 1860-ல் சீசியம், 1861-ல் ருபீடியம் என்று ரெண்டு புதுத் தனிமங்களைக் கண்டார்கள். அதே 1861-ல் இங்கிலாந்தில் குரூக்ஸ், தாலியம் என்ற விஷ உலோகத்தைக் கண்டுபிடித்தார். காட்டிக் கொடுத்தது ஒரு பச்சைக் கோடு!

புன்சன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1889 வரை பாடம் நடத்தினார். 1899 ஆகஸ்ட் 16-ல் காலமானார்.

நமக்கு என்ன சம்பந்தம்?

குடிநீரில் ஈயமோ ஆர்சனிக்கோ ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம்ம தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணி லாரியில் மொத்தமே 90 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு! பார்த்தாலும் தெரியாது, குடித்தாலும் தெரியாது. இதை அளக்க 1955-ல் ஆலன் வால்ஷ் ஒரு வழி சொன்னார். தண்ணீரைத் தீயில் தெளித்து, அந்த உலோகத்துக்கே உரிய ஒளியை அதன் வழியே அனுப்பணும். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அவ்வளவு உலோகம் இருக்கு. அடிப்படை என்னவோ புன்சனும் கிர்க்காஃபும் கண்டதுதான்.

பட்டினப்பாக்கத்தில் விநாயகர் சிலைகளைக் கரைப்பதை நாம் பார்த்திருக்கோம். சிலை கரைக்கும் இடங்களில் முன்னும், கரைக்கும்போதும், பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதிக்கணும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். சிலைப் பெயின்டில் இருந்து ஈயம், குரோமியம் கலந்திருக்கா என்று இப்படித்தான் தெரியவரும்.

இன்னொரு ஆச்சரியம்! அடையாறு பக்கம் இருக்கும் நம்ம ஐ.ஐ.டி., 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. அங்கே பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஆர்சனிக்கை நீக்கும் 'அம்ரித்' என்ற வடிகட்டும் முறையை உருவாக்கினார்கள். மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய அது உதவுகிறது. அதில் இருப்பதும் நீரேறிய இரும்பு ஆக்சைடு வகைதான். 1834-ல் புன்சன் பிடித்த அதே வழி!

நண்பர்களே, கொஞ்சூண்டுதானே என்று எதையும் அலட்சியம் செய்யக் கூடாது. கொஞ்சூண்டு விஷமும் விஷம்தான். அதை அளக்கத் தெரிந்தால்தான் தடுக்க முடியும். அடுத்த தடவை பர்னரைப் பற்ற வைக்கும்போது புன்சனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

அப்புறம், லேபில் கண்ணாடி போட மறக்காதீங்க!

— பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு