டிராக்டருக்கு வழி போட்டவர்



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிராக்டரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துப் போவதையும், மணிலாக் கொல்லையை உழுவதையும் தினமும் பார்க்கிறீர்கள். அவற்றில் சிவப்பு நிறத்தில் 'மாஸி பெர்குசன்' என்று எழுதிய வண்டிகளும் இருக்கும். பெயர் வெளிநாட்டுப் பெயர். ஆனால் அதைத் தயாரிக்கும் 'டாஃபே' நிறுவனம் நம் சென்னையில் பிறந்தது. அதற்கு வித்திட்டவர் யார் தெரியுமா? எஸ்.அனந்தராமகிருஷ்ணன்.

இவர் 1905-ம் ஆண்டு, தாமிரபரணி பாயும் ஆழ்வார்திருநகரியில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கணக்குத் தணிக்கைத் துறைக்கு வந்த அவர், 1930-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1840-ல் ஆங்கிலேயர் தொடங்கிய அந்த நிறுவனம், முதலில் குதிரை வண்டிகள் செய்து, பிறகு மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. 1938-ல் 'அமால்கமேஷன்ஸ்' என்ற குழுமத்தை உருவாக்கினார். 1945-ல் சிம்ப்சனின் தலைவரானார். வெள்ளைக்காரர்களே அமர்ந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

அந்தக் காலத்தில் டிராக்டர்கள் கப்பலில்தான் வந்து இறங்கின. ஒரு சிறு பாகம் உடைந்தால்கூட வெளிநாட்டைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மழையும் பருவமும் அதுவரை காத்திருக்குமா? உழவு தவறினால் விளைச்சலே போய்விடுமே!

இதற்கு வழி, பாகங்களை இங்கேயே செய்வதுதான். 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1950-களில் சிம்ப்சன், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவன உதவியுடன் டீசல் என்ஜின்கள் செய்தது. இப்படி அடித்தளம் போட்ட பிறகுதான், 1960-ல் மாஸி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து டாஃபே உருவானது. ஆசைப்பட்டவுடன் அவசரப்படாமல், படிப்படியாக ஏறினார் பார்த்தீர்களா?

1961-62-ல் இந்தியா முழுவதும் தயாரான டிராக்டர்கள் 880 மட்டுமே. 1964-ல் அனந்தராமகிருஷ்ணன் காலமானார். தாம் விதைத்தது மரமானதை அவர் பார்க்கவில்லை.

இன்று நிலைமை என்ன? 2024-ல் இந்தியாவில் விற்ற டிராக்டர்கள் சுமார் 9 லட்சம். அமெரிக்காவிலோ 2 லட்சத்துக்குச் சற்று அதிகம். எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய டிராக்டர் சந்தை நம் நாடுதான்! இங்கு விற்கும் 100 டிராக்டர்களில் 40-க்கு மேல் மகிந்திரா குழுமத்தின் வண்டிகள். டாஃபேவுக்கு இரண்டாம் இடம்.

அப்படியானால் நாம் அமெரிக்காவை முந்திவிட்டோமா? அவசரப்படாதீர்கள்! எண்ணிக்கையில் உலகில் முதலிடம் மகிந்திராவுக்கு. விற்பனைப் பணத்தைக் கணக்கிட்டால் முதலிடம் அமெரிக்காவின் ஜான் டீருக்கு. ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு சுமார் 460 ஏக்கர். அங்கே ராட்சத டிராக்டர்கள் வேண்டும். ஒன்றின் விலையே நம் வண்டிகள் பலவற்றின் விலைக்குச் சமம். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2 ஏக்கருக்கும் குறைவு. நமக்குச் சிறிய டிராக்டரே போதும். அதையும் பலர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து உழுகிறார்கள். எதை வைத்து அளக்கிறோம் என்று கேட்காமல் யார் பெரியவர் என்று சொல்லவே கூடாது.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் டிராக்டர்களை எண்ணி, எந்த நிறுவனத்துடையது எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். இருபதில் ஐந்து ஒரே நிறுவனத்துடையது என்றால், அதன் பங்கு 25 சதவீதம். பெரிய நிறுவனங்கள் போடும் 'சந்தைப் பங்கு' கணக்கும் இதே போன்றதுதான். அவர்கள் ஓராண்டில் விற்றதை மட்டும் எண்ணுவார்கள். கணக்கிலிருந்து தொடங்கியவர்தானே அனந்தராமகிருஷ்ணனும்! நீங்களும் தொடங்குங்கள், குழந்தைகளே.