சுருட்டுக்காரர் மகன் தூதரான கதை

தூதர் என்றால் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறவர் என்றுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். அந்த வேலையில் இருந்துகொண்டே, தம் இனமும் இல்லாத, தம் மதமும் இல்லாத மக்களுக்காக வாய் திறந்த ஒருவரை இன்று பார்ப்போம். அவர் பெயர் ஹென்றி மோர்கெந்தோ.

1856-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் மான்ஹைம் என்ற ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சுருட்டுத் தொழிற்சாலை வைத்து வசதியாக வாழ்ந்தவர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த சமயம், அந்நாட்டு அரசாங்கம் வெளிநாட்டுச் சுருட்டுக்கு வரியை ஏற்றிவிட்டது. வியாபாரம் படுத்துவிட்டது. 1866-இல் குடும்பமே கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஹென்றிக்கு அப்போது பத்து வயது. பேசிப் பழகியதெல்லாம் ஜெர்மன் மொழி.

போன இடத்திலும் அப்பாவுக்குத் தொழில் கைகொடுக்கவில்லை. பையன் கெட்டிக்காரன். 14 வயதிலேயே கல்லூரியில் இடம் பிடித்தான். ஆனால் வீட்டுக் கஷ்டம் விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, வக்கீல் ஆபீசில் எடுபிடி வேலைக்குப் போனான். இரவுப் பள்ளியில் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் சம்பாதித்தான். அப்படிப் பாடுபட்டுச் சட்டம் படித்து 1877-இல் தேறினான். பிறகு நிலமும் கட்டடமும் வாங்கி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார் அந்த ஹென்றி.

1912 தேர்தலில் உட்ரோ வில்சனுக்கு நிதி திரட்டிக் கொடுத்தார். வில்சன் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். மோர்கெந்தோ எதிர்பார்த்தது மந்திரி பதவி. கிடைத்ததோ துருக்கித் தூதர் வேலை. அது யூதருக்கென்று ஒதுக்கிவைத்த பதவி மாதிரி ஆகியிருந்தது. அதனால் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டியவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டு, 1913 கடைசியில் துருக்கித் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போனார். இன்றைய இஸ்தான்புல் அதுதான்.

மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. அந்நாட்டில் ஆர்மீனியர் என்ற கிறிஸ்தவ மக்கள் பல நூற்றாண்டாக வாழ்ந்து வந்தார்கள். இவர்கள் எதிரியான ரஷ்யாவுக்குத் துணை போகிறார்கள் என்று அரசாங்கம் குற்றம் சாட்டியது. 1915 ஏப்ரல் 24-இல் தலைநகரில் ஆர்மீனியத் தலைவர்களையும் படித்தவர்களையும் பிடித்தார்கள். பிறகு ஊர் ஊராகக் குடும்பங்களைக் கிளப்பி, சிரியாவின் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். வழியிலேயே ஆண்களைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் பசியிலும் தாகத்திலும் விழுந்து மாண்டார்கள்.

வெளியூர்களில் இருந்த அமெரிக்க அதிகாரிகளும் பாதிரிமார்களும் கண்ணால் கண்டதை எழுதி அனுப்பினார்கள். மோர்கெந்தோ உள்துறை மந்திரி தலாத்திடம் திரும்பத் திரும்பப் போய் முறையிட்டார். கிறிஸ்தவர்களுக்காக ஒரு யூதர் ஏன் வருந்த வேண்டும் என்று தலாத் கேட்டாராம். தாம் யூதராக வரவில்லை, அமெரிக்கத் தூதராக வந்திருப்பதாகப் பதில் சொன்னாராம். இறந்த ஆர்மீனியர்களின் ஆயுள் காப்புறுதிப் பணம் அரசாங்கத்துக்குச் சேரவேண்டும், அந்தப் பட்டியலை வாங்கிக் கொடுங்கள் என்றும் தலாத் கேட்டாராம். தூதர் கோபத்தோடு எழுந்து வந்துவிட்டார். 1918-இல் வெளிவந்த தம் நூலில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

1915 ஜூலை 16-இல், ஓர் இனத்தையே அழிக்கும் வேலை நடக்கிறது என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். ஆனால் அமெரிக்கா அப்போது போரில் சேராத நாடு. இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட வழியில்லை என்று இருந்துவிட்டது. தூதரிடம் பட்டாளமா இருக்கிறது? கொலையை அவரால் நிறுத்த முடியவில்லை. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கணக்கிடுகிறார்கள்.

அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உயிர் தப்பியவர்களுக்காவது சோறு போடுங்கள் என்று தம் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் அனுப்பினார். 1915-இல் நியூயார்க்கில் நிவாரணக் குழு அமைந்தது. தேவாலயங்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூட காசு சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழு 1930-க்குள் 11 கோடி டாலருக்கு மேல் திரட்டி, இலட்சத்துக்கும் அதிகமான அனாதைப் பிள்ளைகளை வளர்த்தது.

1916-இல் மோர்கெந்தோ மனம் நொந்து துருக்கியை விட்டுக் கிளம்பினார். 1923-இல், துருக்கியிலிருந்து கிரீசுக்கு வந்து குவிந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைக் குடியமர்த்தும் ஆணையத்துக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 67. வீடும் நிலமும் கொடுத்து அவர்களை ஊன்ற வைக்கும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1946-இல், 90-ஆவது வயதில், நியூயார்க்கில் காலமானார்.

நடந்தது இனப்படுகொலை என்பதைத் துருக்கி அரசாங்கம் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்க ஜனாதிபதி 2021-இல் அதை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டார். மோர்கெந்தோ தந்தி அடித்து கிட்டத்தட்ட 106 வருஷம் ஆகியிருந்தது. அன்று அவர் அனுப்பிய தாள்கள் இன்றும் சாட்சியாக இருக்கின்றன.

சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அவர் சொல்லி வைத்தார், எழுதியும் வைத்தார். நம்ம பிள்ளைகள் படித்துப் பதவிக்கு வரும்போது இந்தக் கதை அவர்களுக்கு நினைவிருக்கட்டும். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.