சுக்கானைக் கட்டிப் போட்டு உலகைச் சுற்றியவர்

சின்னஞ்சிறு பாய்மரப் படகு. அதில் ஒரே ஒரு மனிதர். துணைக்கு ஆள் இல்லை, இயந்திரம் இல்லை. அப்படியே உலகத்தைச் சுற்றி 46,000 மைல் போய்த் திரும்பினார் ஜோசுவா ஸ்லோகம். தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மாலுமி அவர்தான்.

அவர் தூங்கும்போது படகை யார் ஓட்டினார்கள்? யாரும் ஓட்டவில்லை. படகு தானே ஓடியது! மந்திரம் அல்ல, பாய்களைக் கட்டிய விதம் அப்படி.

ஸ்லோகம் 1844-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தகப்பனார் விவசாயி, பிறகு பூட்ஸ் தைத்துப் பிழைத்தார். பையனும் தோல் தைக்க வேண்டும். ஆனால் பையனுக்குக் கடல் மேல்தான் கண். நிலவறையில் ஒளிந்து ஒரு பொம்மைக் கப்பல் செய்தான். தகப்பனார் அதைக் கண்டு உடைத்து எறிந்தார். 1860-ல் தாயார் இறந்தார். 16 வயதுப் பையன் வீட்டை விட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

முப்பது வயதுக்குள் அவர் கப்பல் தலைவர் ஆகிவிட்டார். 1871-ல் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். ஏழு குழந்தைகள் பிறந்தன, நாலுதான் தங்கின. 1884-ல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் வர்ஜீனியா காலமானார்.

பிறகு ஹெட்டி என்பவரை மணந்தார். 1887-ல் அவருடைய கப்பல் பிரேசில் கரையில் தட்டி உடைந்தது. கையில் காசு இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் அந்நிய நாட்டில் நின்றார். மனம் தளரவில்லை. 35 அடி நீளத்தில் சொந்தமாக ஒரு படகு கட்டினார். ஹெட்டிக்குத் தையல் தெரியும். பாய்களை அவரே தைத்தார். அந்தப் படகில் குடும்பத்தோடு 5,500 மைல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஹெட்டி நீண்ட கடல் யாத்திரைக்கு வரவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

அது நீராவிக் கப்பல் பெருகிய காலம். பாய்மரக் கப்பல் தலைவருக்கு வேலை இல்லை. 1892-ல் ஒரு பழைய நண்பர், தம்மிடம் கப்பல் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆசையோடு போய்ப் பார்த்தார். வயல் நடுவே உளுத்துப்போன படகு கிடந்தது! ஸ்லோகம் அதை விடவில்லை. பக்கத்தில் ஓக் மரம் வெட்டி, 13 மாதம் உழைத்து, பலகை பலகையாக மாற்றினார். செலவு 553 டாலர் 62 செண்ட். நீளம் 36 அடி 9 அங்குலம். அதுதான் 'ஸ்பிரே'.

1895 ஏப்ரல் 24-ந் தேதி பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். அப்போது வயது 51. நேரம் பார்க்க ஒரு தகரக் கடிகாரம். முகப்புக் கண்ணாடி உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது.

கொள்ளைக்காரர் துரத்தல்

காற்று பின்னாலிருந்து அடித்தால் படகு ஓட்டுவது சுலபம் என்று நினைப்போம். உண்மையில் அதுதான் ஆபத்தானது. வேகம் சுகமாக இருக்கும். காற்று வலுத்திருப்பதே தெரியாது. பாயைக் குறைக்க மனம் வராது.

ஜிப்ரால்டரை விட்டதும் கொள்ளைக்காரர் படகு ஒன்று ஸ்லோகமைத் துரத்தியது. அவருடைய பாய் காற்றுக்கு மிஞ்சியதாக இருந்தது. எதிரி நெருங்குகிறான். இருந்தும் படகை நிறுத்திப் பாயைச் சுருக்கிக் கட்டினார்! எவ்வளவு துணிச்சல்! எதிரிகளோ முழுப் பாயோடு பாய்ந்து வந்தார்கள். ஒரு பெரிய அலை எழுந்தது. ஸ்பிரேயின் பாய்க் கழி முறிந்தது. ஆனால் கொள்ளைக்காரர்களின் பாய்மரமே சாய்ந்துவிட்டது. ஸ்லோகம் தப்பினார்.

1896 மார்ச்சில் மகல்லன் ஜலசந்தியைத் தாண்டிப் பசிபிக்கில் நுழைந்தபோது கடும் புயல். பெரிய பாய் கந்தலாகியது. படகு கேப் ஹார்ன் பக்கம் அடித்துச் செல்லப்பட்டது. இரவில் பாறைகளுக்கு நடுவே நுரைக்கும் கடலில் தட்டுத் தடுமாறி, மீண்டும் ஜலசந்திக்கே வந்து சேர்ந்தார். கந்தலை ஒட்டுப் போட்டுத் தைத்தார். சிறு வயதில் தோல் தைத்த கை அல்லவா!

தானே ஓடிய படகு

பசிபிக்கில் வாரக்கணக்காக ஒரே திசையில் வீசும் வியாபாரக் காற்று கிடைத்தது. ஜுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து சமோவா வரை 72 நாள். வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை. சுக்கான் சக்கரத்தைக் கட்டிப் போட்டுவிட்டுச் சமைத்தார், படித்தார், தூங்கினார்.

இது எப்படி? பின்காற்றில் பெரிய பாய் ஒரு பக்கமாக விரிந்து நிற்கும். அது படகின் மூக்கைத் திருப்பப் பார்க்கும். திரும்பினால் அலை பக்கவாட்டில் மோதும். மறுபக்கம் திரும்பினாலோ, பாய்க் கழி வீசிப் போய் அடுத்த பக்கத்தில் அறையும். அதனால்தான் எப்போதும் சுக்கானில் ஓர் ஆள் வேண்டும். ஸ்லோகம் என்ன செய்தார்? முன்னால் உள்ள சிறு பாயை நடுக்கோட்டில் இறுக்கிக் கட்டினார். படகு நேரே போகும் வரை அதில் காற்று அதிகம் படாது. கொஞ்சம் திரும்பினால் போதும், காற்று அதன் மேல் மோதி மூக்கைத் திரும்பவும் தள்ளிவிடும். படகின் நீண்ட அடிப்பாகமும் இதற்கு உதவியது.

சமோவாவில் ஒரு பரிசு கிடைத்தது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் 1894-ல் அங்கே காலமாகியிருந்தார். அவருடைய மனைவி ஸ்லோகமுக்கு மூங்கில் கொடுத்தார். அதைப் படகின் முன்னால் நீட்டிக் கட்டி, மெல்லிய பாய் ஒன்றை ஏற்றினார். பின்னாளில் கேப் டவுனை விட்டு வரும்போது நல்ல காற்று. பெரிய பாயைச் சுருக்கினார். ஆனால் மூங்கில் பாயை ஏற்றியே வைத்தார். பின்னாலிருந்து தள்ளுவதைவிட முன்னாலிருந்து இழுத்தால் படகு நேராகப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அப்போது அவர் கையில் இருந்ததும் ஸ்டீவன்சனின் புத்தகமே.

1897-ல் தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகளுக்கு 2,700 மைல் போனார். 23 நாளாயிற்று. அதில் அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை!

செயின்ட் ஹெலினாவில் ஒருவர் ஓர் ஆட்டைக் கொடுத்தார். அது மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையே தின்றுவிட்டது. அசென்ஷன் தீவில் அதை இறக்கிவிட்டார்.

1898 ஜூன் 27-ல் அமெரிக்காவில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய பயண நூல் 1900-ல் வெளிவந்து புகழ் பெற்றது. ஆனாலும் கரை வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. முதுமையில் அதே ஸ்பிரேயில் தனியாகத் தென் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார். படகும் திரும்பவில்லை; அவரும் திரும்பவில்லை. 1924-ல் கோர்ட்டு அவர் இறந்துவிட்டதாகத் தீர்ப்புக் கூறியது. இறந்த நாள் 1909 நவம்பர் 14 என்று குறிக்கப்பட்டது.