தனித்துச் சுவைக்க அறியாதவர்

நெய்வேலியில் முகவரி கேட்டால் வட்டத்தின் எண்ணைத்தான் முதலில் சொல்கிறோம். 11ஆம் வட்டம், 20ஆம் வட்டம் என ஊரே வட்டங்களால் ஆனது. அவற்றினூடே வீடு மாற்றி வீடு கூடிவந்த நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கூடிய வட்டத்தொட்டியையும் அதன் நாயகர் ரசிகமணி டி.கே.சி.யையும் எண்ணிப்பார்க்கத் தோன்றியது.

தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். சட்டமும் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். வழக்குமன்றம் அவர் நெஞ்சைப் பிணிக்கவில்லை. பின்னாளில் சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும், 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலைய ஆணையராகவும் விளங்கினார். பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும். அவரே இதற்குமேல் பேச விரும்பியிருக்கமாட்டார்.

அவர் வாழ்வின் மையம் ஞாயிறு மாலைகளே. வண்ணார்பேட்டை இல்லத்தின் தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் வட்டமாக அமர்வார்கள். அழைப்பிதழ் இல்லை, தலைவர் இல்லை, நன்றியுரையும் இல்லை. அண்மையில் படித்தது, கேட்டது, கண்டது எதுவாயினும் அங்கே வரலாம். கம்பன் செய்யுளொன்று, ஆங்கிலக் கவிதையொன்று, யாரோ பாடிய தனிப்பாடல், இசைக்கச்சேரி, கோயிற் சிற்பம் எல்லாம் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன. மெய்யான பந்தியும் உண்டு; அவர் வீட்டு விருந்தோம்பலை எழுதாத நண்பர் குறைவு. பாட்டை அவர் விளக்கியதைவிடத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியதே மிகுதி. தாளமும் உணர்ச்சியும் கேட்பவர் உள்ளத்தில் இறங்கும்வரை விடமாட்டார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், மீ.ப. சோமு என அவ்வட்டத்தில் தோய்ந்தவர்கள் பலர்.

தாம் கண்ட சுவையைத் தனியே வைத்துக்கொள்ள அவரால் இயலவில்லை. நாஞ்சில் நாட்டுக் கவிமணியின் பாடல்களைக் காணும் இடமெல்லாம் எடுத்துச் சொன்னார். முத்தொள்ளாயிரத்தைப் பொதுவாசகர் கைக்குக் கொண்டுவந்தார். தமிழிசை இயக்கத்தில் முன்னின்றார். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் திருநாளைத் தொடங்கியபோது தலைமையேற்றவர் அவரே. பிற்காலத்தில் கல்கி இதழில் கம்பர் தரும் காட்சிகளை எழுதி, செய்யுளுக்கு அஞ்சிய வாசகரையும் கம்பனிடம் அழைத்துவந்தார்.

ஆய்வு மாணவியாக இருந்த நாளில், டி.கே.சி.யை மேற்கோள் காட்டலாகாது என எங்களுக்கு எச்சரிக்கை இருந்தது. காரணமில்லாமல் இல்லை. தம் செவிக்கு இசையாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என ஒதுக்கினார். சில சொற்களைத் திருத்தியும் வெளியிட்டார். ஏட்டுச்சான்று வேண்டுமே என்ற அறிஞர்களின் கேள்விக்கு அவர் நெஞ்சு ஒன்றே சான்றாக நின்றது. பாடம் காக்கும் கடமையுள்ள என்னால் இதை இன்றும் ஏற்க இயலாது. ஆயினும் வகுப்பறையில் கம்பனைத் தொடங்கும் ஒவ்வோராண்டும், பொருள் சொல்லுமுன் செய்யுளை மூன்றுமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். அது நான் பதிப்பாசிரியர்களிடம் கற்றதன்று.

அவர் வாழ்வில் பெருந்துயர் ஒன்றும் நேர்ந்தது. தீபன் என்ற பெயரில் எழுதிய அருமை மகன் தீத்தாரப்பன் இளமையிலேயே மறைந்தார். கவிமணி இரங்கற்பா எழுதினார். தந்தையோ நண்பர்களுக்குக் கதவைச் சாத்தவில்லை. கவிதையைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தவில்லை. அதை மனவுறுதி என்பதா, வேறு போக்கிடம் அறியாத உள்ளத்தின் தவிப்பு என்பதா? எனக்குப் பின்னதே என்று படுகிறது.

பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியமர்ந்தார். வண்ணார்பேட்டை முற்றம் கைவிட்டுப் போனது, வட்டம் போகவில்லை. ராஜாஜியும் கல்கியும் அருவிக்கரைக்கு வந்தார்கள். இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இளைஞர்களாக வந்தார்கள். வர இயலாதவர்களுக்குக் கடிதங்கள் போயின. படித்த பாட்டு, வந்த விருந்தினர், பெய்த சாரல், உண்ட உணவு என நேரில் பேசுவதுபோலவே எழுதினார். பெற்றவர்கள் அவற்றைப் பாதுகாத்தமையால் பின்னர் அவை நூலுருவம் பெற்றன. அவருடைய கட்டுரை நூல்களினும் இக்கடிதங்களே எனக்கு நெருக்கமானவை.

நம் ஊரோ, பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலிசெய்து புறப்பட வேண்டிய ஊர். பத்தாண்டுக்கு முன் முதற்கூட்டத்தில் பாய்விரித்த அன்பர் சிலர் இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் அதற்கப்பாலும் இருக்கிறார்கள். இம்மலர் அவர்களுக்கு அஞ்சலில்தான் போய்ச்சேரும். உடன் ஒரு கடிதமும் வைத்து, இம்மாதம் நாம் படித்தவற்றைச் சொல்லி, அவர்கள் படித்தது என்னவெனக் கேட்கலாமென்று செயலாளரிடம் கூறியிருக்கிறேன்.

டி.கே.சி. 1954 பிப்ரவரி 16இல் குற்றாலத்தில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார்.